வேறொரு செடியின் கரு

நான் பொய்ப் படம் வரைந்தவன். ஒரு செடியின் கரு என்று வேறொரு செடியின் கருவை வரைந்து அச்சேற்றினேன். அந்தப் பொய்யால் ஒரு செடியினமே அழிந்தது.

செடிதானே என்று உங்களுக்குத் தோன்றலாம்... முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மாட்டுங்காவில் வீடு, கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் வேலை. சஹ்யாத்ரி மலைத்தொடரில் ஒரே ஒரு பாறைமேட்டில் மட்டும் மழைக்காலத்தில் பூக்கும் கிழங்குச் செடி அது. அதன் விதைக்குள் கரு வளரும் விதத்தை முதலில் எழுதியவன் நான். இளங்காய்களை மெழுகில் பதித்து, மெல்லிய ஏடுகளாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். கரு உருண்டையாகத் திரளும்வரை எல்லாம் கிடைத்தது. விதையிலைகள் பிரியும் நிலை மட்டும் கிடைக்கவேயில்லை. சீவியதில்தான் கோளாறு என்று நினைத்தேன். அதே மேட்டில் மண்டிக்கிடந்த உறவுச் செடியின் கருவை வரைந்து ஒப்பேற்றினேன். எப்படியும் இப்படித்தானே இருக்கும்!

அந்தக் கட்டுரைதான் என்னைத் துறைத் தலைவராக்கியது.

பல ஆண்டுகள் கழித்து ஜீனத் அதே செடியை ஆராய என்னிடம் வந்தாள். தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலிக்காரரின் மகள். அந்த மேடு கல் குவாரிக்குப் போகவிருந்த நேரம். செடியைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்று கேட்ட வனத்துறையினரிடம், விதைகளைச் சேகரித்தால் போதும் என்று சொல்லியிருந்தேன்.

ஜீனத் தான் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடுகளோடு வந்து நின்றாள்.

"சார், கரு உருண்டையாவுது, அதோட சுருங்கிச் செத்துருது. வெத பூராம் பொக்கு, மொளைக்காது. கெழங்கத் தோண்டி வேற எடத்துல வச்சாத்தான் உண்டு."

பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான் சீவியதிலும் அன்று கோளாறு இருந்திருக்கவில்லை... அந்தச் செடி கிழங்கை நம்பித்தான் உயிர் வாழ்ந்திருக்கிறது.

"உனக்குக் கை வரலே. கத்தி பட்டு நசுங்கியிருக்கு. தோல் அறுக்கற வீட்டுப் பொண்ணு, கத்தி பிடிக்கத் தெரியலியே," என்றேன்.

இதை எழுதும்போதும் கூசுகிறது... அன்று கூசவில்லை!

திரும்பத் திரும்பச் சீவினாள். ஒவ்வொரு முறையும் கரு செத்தே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் கையைப் பழித்தேன். கடைசியில் ஆராய்ச்சியை விட்டுப் போனாள். மேடு ஜல்லியாயிற்று. சேகரித்த விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. பாதுகாத்ததில் ஏதோ தவறு என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் பெயர் போயிருக்கும். கிழங்குகள் பிழைத்திருக்கும்... அவ்வளவுதானே!

போன மாதம் செம்பூர் ஸ்டேஷன் வாசலில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. ஆண்டாப் ஹில்லில் டியூஷன் எடுக்கிறாளாம். நலம் விசாரித்த கையோடு, விதைகள் முளைத்தனவா என்று கேட்டாள்.

"முளைச்சுதும்மா," என்றேன்.

ஏன் சொன்னேன்? இழக்க இப்போது என்னிடம் என்ன இருக்கிறது?

"அல்ஹம்துலில்லா. அப்பம் என் கைதான் கொற சார். செடி பொழச்சிக்கிட்டுல்லா, அது போதும்."

அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. போன் நம்பர் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். இன்னும் நான் கூப்பிடவில்லை.