சத்தத்தை எடுக்கிற பெட்டி

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கிறது. இரண்டு தீப்பெட்டியை ஒட்டி வைத்த அளவுதான். கரண்ட் ஒயர் சொருகும் இடத்தை விட்டால் மூன்று ஓட்டைகள், ஓரத்தில் நகத்தால் தள்ளுகிற ஒரு சுவிட்ச். ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை நறுக்கி ஒட்டி, நீல மையில் எழுதியிருக்கிறது. ஒன்றில் ‘வருவது’. இன்னொன்றில் ‘டி.வி.’. மூன்றாவது ஓட்டை சின்னது, ஹெட்போன் சொருகுவது. அதில் ‘எனக்கு’. எழுதியவர் எங்கள் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர். போன வாரம் புதுத் தலைமையாசிரியர் உடைசல் பட்டியல் போடச் சொன்னார் என்று இழுப்பறையைக் கொட்டினேன். பழைய சீல், துருப்பிடித்த குண்டூசிகளோடு இதுவும் வந்து விழுந்தது.

கொல்லிமலை மேல் இருக்கும் அரசுப் பள்ளியில் நான் அலுவலகப் பணியாளர். அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறேன். வளைவுக்கு வளைவு வயிறு புரண்டு, நின்றுகொண்டே வந்து, கையெழுத்துப் போட்டு உட்காரும்போது யார் மேலாவது எரிச்சலாகத்தான் இருக்கும். என் வாய் நல்ல வாய் இல்லை. அதற்காக நான் வருத்தப்பட்டது ஒரே ஒரு முறை. அதைத்தான் எழுதுகிறேன்.

டீச்சருக்குக் காது கேட்காது. முழுச் செவிடு இல்லை. முகத்துக்கு நேராக நின்று பேசினால், பாதி கேட்டு, பாதி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். காதுக்குள் ஒரு கருவி வைத்து, முடியை இழுத்து மூடியிருப்பார். நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். வருகைப் பதிவேடு கேட்டு அவர் முதுகுக்குப் பின்னால் நான்கு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. திமிர் என்று நினைத்து முன்னால் போய் நின்றேன். “என்ன கண்ணு, எப்ப வந்தே?” என்று சிரித்தார். அன்றைக்கு மத்தியானம் என்னைத் தனியாக ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். “காது போச்சுன்னு தெரிஞ்சா பத்தாங்கிளாஸப் புடுங்கிருவாங்க சாமி. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. ரிட்டயர்டு ஆகற வரைக்கும் பத்தாங்கிளாஸ் எங்கிட்டயே இருக்கோணும். நீ யாருகிட்டயும் சொல்லிராத.”

நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முன்னாலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்; பைல் நாட்டுப் பிள்ளைகளும் குண்டனி நாட்டுப் பிள்ளைகளும் வேறு வகுப்பில் கேள்வி கேட்டால் தரையைப் பார்த்து முனகுவார்கள். டீச்சர் வகுப்பில் மட்டும் எழுந்து, முகத்தை நன்றாகத் தூக்கி, வாயைத் திறந்து பேசுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் கரும்பலகையில் எழுதும்போது யாருக்காவது சந்தேகம் வந்தால், அவர் திரும்பும்வரை கையைத் தூக்கியபடி காத்திருப்பார்கள். ஒரு வகுப்பே சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியது. வெளியே ஒரு வார்த்தை போகவில்லை.

கொரோனாவில் எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டு திரிந்த வருஷங்களில் அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். உதடு தெரியாமல் கடைக்காரன்கூட அவருக்கு அந்நியமாகிப் போனான். அது முடிந்தது என்று மூச்சு விட்டால், கூட்டமெல்லாம் கம்ப்யூட்டரில் என்று ஆகிவிட்டது. புதன்கிழமை மத்தியானம் ஆசிரியர்கள் எல்லோரும் தலைமையாசிரியர் அறையில் உட்கார வேண்டும். சுவரில் பெரிய டி.வி. லேப்டாப்பிலிருந்து எச்.டி.எம்.ஐ. ஒயர் டி.வி.க்குப் போகும். கீழே மாவட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஒவ்வொரு பள்ளியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். டி.வி. சத்தம் ஓடு வேய்ந்த அந்த அறையில் மோதி எதிரொலித்தது. டீச்சரின் கருவிக்கு அது வெறும் இரைச்சல். அதிகாரியோ காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டே பேசுகிறவர். உதடும் தெரியாது.

தனியாக லேப்டாப்பில் பார்க்கும்போது டீச்சர் காதை மூடுகிற பெரிய ஹெட்போன் போட்டு, சத்தத்தை முழுக்க வைத்துக் கேட்பார். அது அவருக்குப் போதும். ஆனால் அந்த ஒயரை டி.வி.யில் சொருகியதும் சத்தமும் படத்தோடு சேர்ந்து டி.வி.க்குப் போய்விடும், ஹெட்போன் ஊமையாகிவிடும். லேப்டாப்பில் மாற்றி வைத்தால் ஹெட்போனில் வரும், டி.வி. ஊமை. அவருக்குக் கேட்டால் மற்றவர்களுக்குக் கேட்காது, மற்றவர்களுக்குக் கேட்டால் அவருக்குக் கேட்காது. இதைக் கண்டுபிடித்தவன் நேரில் வந்தால் நாலு வார்த்தை கேட்பேன் என்று சொன்னேன். டீச்சர் சிரித்துவிட்டு, “திட்டாத கண்ணு. சத்தத்தப் பிரிக்கிற பெட்டி ஒண்ணு இருக்குதாம். ராசிபுரம் போனா வாங்கியாந்து குடு” என்றார்.

சனிக்கிழமை ராசிபுரத்தில் ஒரு கடைக்குப் போய், பிரிக்கிற பெட்டி கேட்டேன். கொடுத்தான். மலை ஏறிக் கொண்டுவந்து மாட்டினால், ஒரே படம் இரண்டு டி.வி.க்குப் போகிற பெட்டி அது. ஹெட்போன் சொருக ஓட்டையே இல்லை. அடுத்த வாரம் போய்க் கத்தினேன். கடைக்காரன் அசரவில்லை. “ஏனுங்கக்கா, பிரிக்கிறதுன்னு கேட்டீங்க, பிரிக்கிறதக் குடுத்தேன். உங்களுக்கு வேணுங்கறது சத்தத்த எடுக்கறதுங்க. படம் பாட்டுக்கு டி.வி.க்குப் போவும், சத்தத்துல ஒரு பங்க மட்டும் இது வெளிய எடுத்துத் தரும். அது வேற, இது வேற.” ஒரு வார்த்தைக்காக இரண்டு சனிக்கிழமை. மாற்றிக் கொடுத்தவன், சுவிட்சைக் காட்டி இன்னொன்றும் சொன்னான். “இது நடுவுலயே இருக்கோணும். தள்ளிட்டீங்கன்னா சின்ன ஓட்டையில சத்தம் வராதுங்க.” அதை டீச்சரிடம் சொன்னேன்.

முதல் புதன்கிழமை ஹெட்போனை மாட்டிய டீச்சரின் முகத்தை நான் பார்த்தேன். அதிகாரி பேசப் பேச நோட்டில் எழுதிக்கொண்டே போனார். தலைமையாசிரியர், “என்னங்க டீச்சர், பாட்டுக் கேக்கறீங்களா?” என்றார். “திங்கக்கெழம பஸ்ல மலையேறுனேனுங்க சார். காது அடச்சுக்கிச்சு, இன்னும் தொறக்கல” என்று டீச்சர் சொன்னார். மலை ஏறுகிற எல்லோருக்கும் காது அடைக்கும், எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தடுத்த வாரமும் அதே பதில். “உங்க காதுக்கு மட்டும் வளைவு ஜாஸ்தி போலிருக்குது டீச்சர்” என்று கணக்கு சார் கிண்டல் செய்தார். அதற்கும் சிரித்தார். அந்த வாரம்தான் பிளாஸ்திரி நறுக்கி ஒட்டி, ‘எனக்கு’ என்று எழுதினார். பெட்டி டி.வி.க்குக் கீழே மாட்டியபடியே கிடக்கும். அரையாண்டுத் தேர்வு வரை அப்படியே ஓடியது.

தேர்வு முடிந்த பிறகு வந்த புதன்கிழமை. காலையில் பஸ் பழுதாகி மூன்றாவது வளைவில் நின்றது. இன்னொரு பஸ் வரும்வரை வெயிலில் காத்திருந்து, தாமதமாக வந்து, அதற்கும் திட்டு வாங்கினேன். வந்த வேகத்தில் தலைமையாசிரியர் அறையைத் துடைத்துச் சுத்தம் செய்தேன். மத்தியானம் கூட்டம் தொடங்கியது. அதிகாரி எங்கள் பள்ளியைக் கூப்பிட்டு, பத்தாம் வகுப்பு அறிவியலில் மதிப்பெண் ஏன் இப்படி என்று கேட்டார். டீச்சர் ஹெட்போனோடு டி.வி.யைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதிகாரி மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை குரல் உயர்ந்தது. தலைமையாசிரியரின் முகம் சிவந்தது. நான் கதவோரம் கோப்போடு நின்றிருந்தேன். என் வாய் திறந்தது.

“டீச்சர், காது செவிடா உங்களுக்கு? எத்தன தடவதான் கூப்புடுவாங்க!”

மைக் திறந்திருந்தது. அறையில் இருந்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. டி.வி.யில் அதிகாரியும் நிமிர்ந்தார். தலைகள் திரும்புவதைப் பார்த்துத்தான் டீச்சர் திரும்பினார். ஹெட்போனைக் கழற்றி, என் உதட்டைப் பார்த்து, “என்ன கண்ணு சொன்னே?” என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். பதற்றத்தில் என் உதடு அந்த வார்த்தையை மறுபடி சொன்னது, சத்தமே இல்லாமல். அவர் அதைப் படித்தார். ஹெட்போனை மேசையில் வைத்தார். பிறகு டி.வி.யைப் பார்த்து எழுந்து நின்றார். “ஆமாங்க சார். எனக்குக் காது கேக்காதுங்க. கேள்விய இவங்க எழுதிக் காட்டுனா பதில் சொல்றேனுங்க.” நான் எழுதிக் காட்டினேன். எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் தவறியது, யார் மிளகு பறிக்கப் போனதால் எத்தனை நாள் வரவில்லை, எல்லாவற்றையும் நோட்டைப் பார்க்காமல் சொன்னார். அதிகாரி அடுத்த பள்ளியைக் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை பத்தாம் வகுப்பைப் புடுங்கிவிட்டார்கள். “நாளைக்குப் பெத்தவங்க புகார் குடுத்தா நான்தாங்க டீச்சர் பதில் சொல்லோணும்” என்றார் தலைமையாசிரியர். மலையில் எந்தப் பெற்றவரும் புகார் கொடுக்கவில்லை. பிள்ளைகள்தான் என் அலுவலகத்து வாசலில் வந்து நின்றார்கள், முகத்தைத் தூக்கிக்கொண்டு. “எங்க டீச்சர் எங்களுக்கு வேணுங்க.” நான் அவர்களை விரட்டினேன். வேறு என்ன செய்வேன்? டீச்சருக்கு நூலகப் பொறுப்பு கொடுத்தார்கள். இரண்டு அலமாரி, ஒரு பூட்டு. வருஷம் முடியுமுன் விருப்ப ஓய்வுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவளும் நான்தான்.

இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் புதன்கிழமை எல்லோரும் போன பிறகு ஒயர்களைச் சுருட்டப் போனேன். பெட்டியின் சுவிட்ச் நடுவில் இல்லை, ஓரத்துக்குத் தள்ளியிருந்தது. அதன் இடுக்கில் ஒரு மஞ்சள் நூல் மாட்டியிருந்தது. நான் துடைத்த துணி மஞ்சள். காலையில் எரிச்சலோடு அழுத்தித் துடைத்ததில் தள்ளியிருக்கிறேன். டீச்சருக்கு அன்றைக்கு ஒரு சத்தமும் வரவில்லை. நூலைப் பிடுங்கி எறிந்தேன், சுவிட்சை நடுவில் வைத்தேன், கதவைச் சாத்தினேன். மறுநாள் டீச்சரே என்னிடம், “நாந்தான் எதையோ தப்பாச் சொருகிப்போட்டேன் போல கண்ணு, நீ மனசுல வெக்காத” என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாத நேரத்தில் திறக்கிற வாய், திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டது. ஓய்வு பெற்றுப் போகும்போது பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, “பத்தரமா வெச்சுக்க, யாருக்காச்சும் ஆவும். நான் வாரேன்” என்றார்.

யாருக்கும் ஆகவில்லை. புது டி.வி.யில் ஹெட்போன் ஓட்டை தனியாகவே இருக்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை. போன வாரம் புதுத் தலைமையாசிரியர் இந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘எனக்கு’ என்று படித்தார். “உங்களுதுங்களா மேடம்? பட்டியல்ல சேக்க வேண்டாமா?” என்றார். “ஆமாங்க சார், என்னுதுதான்” என்றேன். அதுவும் பொய். வீட்டுக்குப் போகிற பஸ் முழுக்க அது உறுத்தியது.

டீச்சர் இப்போது கீழே தன் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்தால் அவருக்குக் கேட்காது. மகளிடம் சொல்லி அனுப்புகிற விஷயம் இல்லை இது, கடிதம் போட்டாலும் மகள்தான் முதலில் பிரிப்பார். ஆனால் அச்சில் வருகிற எதையும் விடாமல் படிக்கிறவர் அவர், கடலை மடித்த காகிதத்தையும் பிரித்துப் படிப்பார். அதனால் அச்சுக்கு அனுப்ப இதை எழுதிவிட்டேன். பெட்டியின் சுவிட்சை நடுவில் வைத்து, அதன் மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். இனி எந்தத் துணி பட்டாலும் நகராது. ‘எனக்கு’ என்று நீங்கள் எழுதியது இன்னும் அழியவில்லை.

டீச்சர், நீங்கள் தப்பாக எதையும் சொருகவில்லை. அன்றைக்கு அந்தச் சுவிட்சைத் தள்ளியது நான்.