கண்ணனுக்குத் தெளிக்காத பால்

ஐசே, பேய் பிசாசெண்டு ஆரும் கதைச்சால் எழும்பிப் போற ஆள் நான், அது உமக்கே தெரியும். நம்பினால் நம்பும், விட்டால் விடும், நடந்ததைச் சொல்லுறன்.

தொண்ணூறுகளின்ரை தொடக்கத்திலை, களவாய் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் என்னையும் தம்பி கண்ணனையும் லண்டன் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டுபோய் மங்கோலியாவிலை இறக்கிவிட்டவன். வெட்டவெளி, ஒரு கம்பளிக் கூடாரம், அதுக்குள்ளை ஒரு மனிசி. மூண்டு கிழமை அவதான் சாப்பாடு தந்தவ, ஆட்டிறைச்சி வைச்ச கொழுக்கட்டை, சீனிக்குப் பதில் உப்புப் போட்ட பால்தேத்தண்ணி, கல்லு மாதிரிக் காய்ஞ்ச தயிர்க்கட்டி. எனக்குக் குமட்டும். கண்ணன் முன்பல் ஒண்டு இல்லாத வாயாலை அந்தக் கட்டியையும் கடிச்சுத் தின்னுவான், சனியன்.

அடுத்த எல்லைக்குக் கொண்டுபோக ஏஜென்சி ஆக்கள் முதல்லை கண்ணனைத்தான் ஜீப்பிலை ஏத்தினவங்கள். மனிசி பால்வாளியும் மரக்கரண்டியுமாய் ஓடிவந்து பின்னாலை தெளிக்க வெளிக்கிட்டா. எனக்குப் பத்தியெரிஞ்சுது. எங்கடை ஆக்கள் பால் தெளிக்கிறது எங்கை? சுடலையிலை, எரிச்ச சாம்பலுக்கு. "உயிரோடை இருக்கிறவனுக்கோ தெளிக்கிறாய்?" எண்டு கரண்டியைப் பறிச்சு எறிஞ்சன், வாளி சரிஞ்சு பாலெல்லாம் மண்ணிலை. மனிசி அழுதா. பத்து நாளாலை நான் வெளிக்கிட்டன், எனக்குத் தெளிச்சுப்போட்டா, ஜீப்புக்குள்ளை இருந்து திட்டிக்கொண்டுதான் வந்தன்.

நான் லண்டன் வந்து சேர்ந்தன். கண்ணன் வரேல்லை. எந்த எல்லையிலை, எந்தக் காட்டிலை, ஒருத்தனுக்கும் தெரியாது.

நாலு வருசத்தாலை ஹவுன்ஸ்லோவிலை, பிளேனுக்குச் சாப்பாடு கட்டுற வேலை. அங்கை புதுசாய் வந்த மங்கோலியப் பெட்டையிட்டை இதைச் சொன்னன். அவள் கைவேலையை விட்டிட்டு என்னையே பாத்தாள். பயணம் போறவன் சுகமாய்ப் போய்ச் சேரத்தானாம் பால் தெளிக்கிறது.

பாவி நான்.

அண்டைக்கு ஷிப்ட் முடிஞ்சு பின்னேரம் ரெண்டு மணிக்கு வீட்டை வாறன், நல்ல வெயில். கேற்றிலையிருந்து வாசல்வரைக்கும் பால் துளியள், காயேல்லை. பால்காரன் வைச்ச போத்தில் மூடி திறக்காமல் அப்பிடியே நிக்குது. படியிலை ஒரு தயிர்க்கட்டி, கடிச்சபடி. பல்லுப் பதிஞ்ச வரிசையிலை ஒரு பல்லின்ரை இடம் மட்டும் கடிபடேல்லை. "கண்ணா, கண்ணா" எண்டு றோட்டு முழுக்கக் கத்தினன், ஆருமில்லை.

கட்டி இண்டைக்கும் பிஸ்கற் ரின்னுக்குள்ளை கிடக்கு, வேணுமெண்டால் பாரும். கண்ணனுக்குச் செய்யவேண்டிய கிரியையைச் செய், பாலைத் தெளி எண்டு அம்மா போனிலை அழுறா. ஏலாது. அந்தக் கடிச்ச இடம் அண்டைக்கு ஈரமாய் இருந்தது ஐசே.