அப்பாவின் எச்சிலில் யாருக்கெல்லாம் பங்கு?

மரபணு சோதனைக்காக அப்பா வரவழைத்த பெட்டி இன்று மெயின்லேண்டிலிருந்து அந்தமானிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால், நம் முன்னோர் யார், நமக்கு என்ன நோய் வரலாம் என்றெல்லாம் சொல்வார்களாம்.

"அப்பா, அதுல என் மரபணுவும் பாதி இருக்கு. என்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"துப்புறதுக்கும் உங்க பெர்மிஷன் வேணுமா, மேடம்?"

நான் விடவில்லை. கூடப்பிறந்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று விளக்கி, ரங்கத் ஊரில் இருக்கும் அத்தைக்கு ஸ்பீக்கரில் போன் போட வைத்தேன்.

அத்தை பதறிவிட்டார். "அரே, பாகல் ஆயிட்டியாண்ணே, பைத்தியமா உனக்கு? ஞாயித்துக்கிழமை என் மக மீனாவைப் பொண்ணு பார்க்க வராங்க. நம்ம குடும்பத்துல ஏதோ வியாதி இருக்குன்னு வந்துச்சுன்னா அவளை யாரு கட்டிப்பா?"

அப்பா பெட்டியை மூடினார். தனியுரிமையைக் காப்பாற்றிவிட்டதாக நான் பூரித்துப்போனேன்.

சற்று நேரத்தில் அத்தையே திரும்ப அழைத்தார். இப்போது குரல் தணிந்திருந்தது.

"அண்ணே, அந்த டப்பாவை வேஸ்ட் பண்ணாதே. வரும்போது எடுத்துட்டு வா. மாப்பிள்ளை டீ குடிச்சதும் அந்தக் கப்பைக் கழுவாம எடுத்து வெக்கிறேன். அது போதும்தானே?"

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "சொல்லுங்க மேடம், போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் கப் கழுவும் வேலையை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். முகம் தெரியாத அந்த மாப்பிள்ளைக்காக என்னோடு நிற்க யாராவது இருக்கிறீர்களா?