ஈஸ்டர் வரைக்கும்

உடம்பு குறைவது என்பது லெந்து என்கிற நாற்பது நாள் நோன்பில் ஆரம்பித்து ஈஸ்டரோடு முடிந்துவிடுகிற காரியம் என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள்.

அப்பா, எங்களுக்கு நைனா, சித்தூர் – திருப்பதி பஸ்ஸுக்கு டிரைவர். ஸ்டியரிங் தொப்பையில் உரசி உரசி, எல்லாச் சட்டையிலும் ஒரே இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். காலில் வந்த கொப்புளம் ஆறவே மாட்டேன் என்றபோது, குடிபாலா தாண்டி வேலூருக்குப் போனோம். சர்க்கரை என்றார் டாக்டரம்மா. பட்டினி கிடக்க வேண்டாம், வேளைக்குக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், தினமும் நடங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்றார். எழுந்து வாசல்வரை போனவரைத் திரும்பக் கூப்பிட்டு, இன்னொன்றும் சொன்னார்.

"கொறைக்கிறது பெரிசில்ல டிரைவர். கொறைஞ்சதைக் காலம்பூரா காப்பாத்தணும்."

அந்தக் 'காலம்பூரா' நைனா காதில் ஏறவில்லை. வாயைக் கட்ட அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. அவருடைய அப்பாவுக்கும் தெரிந்தது அதுதான். லெந்து தொடங்கும் சாம்பல் புதன் வரட்டும் என்றார்.

வந்தது. பகலெல்லாம் பச்சைத் தண்ணீர், பொழுது சாய்ந்தால் கஞ்சி. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் கை நடுங்கியது. வளைவுகளில் ரோடு இரண்டாகத் தெரிந்தது. அதனால் மாத்திரையையும் விட்டார். அதுவும் உபவாசத்தில் சேர்த்தி என்று நினைத்தாரோ என்னவோ. பழுக்கக் காய்ச்சிய ஆணியால் பெல்ட்டில் புதுத் துளை போட்டார். பிறகு இன்னொன்று. நைனாவோடு பஸ்ஸில் போகும் கண்டக்டர் மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு, தெலுங்கு மரியாதையோடு சொன்னார்: "இன்னா டிரைவர் காரு, இஞ்சின் கீது, பாடியக் காணோம்?"

ஈஸ்டரன்று விடியற்கால ஆராதனைக்கு நைனா கல்யாணச் சட்டையில் வந்தார். சபையே திரும்பிப் பார்த்தது. வீட்டில் பிரியாணி. கரண்டியைப் பிடித்த அம்மா, டாக்டரம்மா சொன்னதை மெதுவாக ஞாபகப்படுத்தினாள். திருச்சானூரிலிருந்து வந்திருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஆண்டவரே எழுந்துட்டாரு. எந்தம்பி மட்டும் இன்னும் கல்லறையில கெடக்கணுமா? போடு."

நைனா இலைமேல் குனிந்தார். ஜெபத்தில்கூட அவர் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டு முடித்த அத்தை, தொளதொளத்துப்போன பழைய சட்டைகளைத் தன் புருஷனுக்குக் கேட்டாள். அம்மா கொடுக்கவில்லை. மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். என்ன கஞ்சத்தனம் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. மாம்பழம் வந்து போவதற்குள் சட்டைகள் வெளியே வந்துவிட்டன. கறுப்புக் கோடும் தன் இடத்துக்குத் திரும்பியது. மறுவருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் போன சதை, கூடவே கொஞ்சம் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தது.

நைனாவின் அன்றைய வயது இன்று எனக்கு. நானும் விடியலில் நடக்கிறேன், அளந்து தின்கிறேன், குறைகிறது. ஒரு கல்யாணம், ஒரு சாவு, விடாமல் பெய்கிற ஒரு வாரம் போதும், போன சதை வீட்டு மனுஷியைப்போல உரிமையோடு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. காலம்பூரா என்பது எவ்வளவு நீளம் என்று யாரும் யாருக்கும் காட்டிக்கொடுக்க முடியாதுபோல.

நைனாவின் அந்த ஈஸ்டர்களுக்குப் பிறகு ஒரு மழைக்காலம். லெந்து இல்லை, நோன்பு இல்லை, மாத்திரை எப்போதோ நின்றிருந்தது. நைனா மெலியத் தொடங்கினார். பிரியாணி சாப்பிட்டார், மெலிந்தார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார், மெலிந்தார். பெல்ட்டில் துளைபோட இடமில்லை. நான் சமையற்கட்டுக்கு ஓடினேன்.

"இந்தத் தபா துன்னுக்கினே கொறஞ்சிட்டாரும்மா."

மறுபடியும் காலியாகி வந்த சொம்பில் அம்மா தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். அந்த வாரம் அத்தை வந்தபோது பெட்டியைத் திறந்து, பெரிய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் மடியில் வைத்தாள். அத்தை ஒரு சட்டையின் கறுப்புக் கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

இனி அவை நைனாவுக்கு வேண்டியதில்லை. எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.