மறு கைக்கு வளையல்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பொய் சொன்னேன். வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து கேட்டில் நின்று, காவல்காரரின் முகத்தைப் பார்த்து — "வளையல்காரிங்க. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், அதான் நான் வந்தேன்." கூசாமல் சொன்னேன்!

அட்டன் பஜாரில் எங்களுக்கு ஜவுளிக்கடை என்பது வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும். வளையல் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? எல்லாம் முத்தம்மாவால் வந்தது.

முத்தம்மாவுக்கு ஒன்பது வயதிருக்கும். நாலு மாதமாக அட்டன் ஸ்டேஷனில்தான் குடித்தனம். தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைக்கிறார்களே... அதில் வட்டவளைத் தோட்டத்துப் பேர்ப் புத்தகத்திலிருந்து பேர் வெட்டுப்பட்டவர் அவள் அப்பா. தாயில்லாப் பிள்ளையை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து, "இங்கயே இரு, வந்துர்றேன்" என்று போனவர் போனவர்தான். அதே தோட்டத்தில் சின்னம்மா, அவள் அம்மாவின் தங்கை, இருக்கிறாள். ரயில் பாதையோரமாக நடந்தே இரண்டு தடவை போயிருக்கிறாள் முத்தம்மா. பேர் இல்லாதவளுக்கு உள்ளே என்ன வேலை என்று இரண்டு தடவையும் கேட்டிலேயே விரட்டிவிட்டார்கள்.

எங்கள் கடை வாசலில் நான் அவளுக்குச் சோறு போடுவதைப் பார்த்து, "நீங்களே வச்சுக்கங்களேன், பாத்திரம் கழுவ ஆச்சு" என்றார் பக்கத்துக் கடைக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் அவர்மேல் மட்டுமில்லை. முதல் நாள் அவளுக்குச் சோறு போட்டபோது எனக்கும் அதே நினைப்புத்தான் வந்தது... ஒப்புக்கொள்கிறேன்.

வெளியாள் தோட்டத்துக்குள் நுழைய முடியாது. வளையல்காரர் மட்டும் நுழையலாம்! பஜார் வளையல்காரரிடம் இரண்டு பெட்டி இரவல் வாங்கினேன். முத்தம்மாவுக்கு எண்ணெய் வைத்துச் சீவி, புதுப் பாவாடை கட்டிவிட்டதில் காவல்காரருக்கு அவளை அடையாளமே தெரியவில்லை.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து முற்றத்தில் பெட்டியைத் திறந்ததுதான் தாமதம் — பெண்கள் மொய்த்துவிட்டார்கள். முதல் மரியாதை, ஆட்களை மேய்க்கும் கங்காணியின் வீட்டம்மாவுக்கு. அவருடைய பழைய வளையலை இரண்டு கையிலும் கழற்றினேன். எனக்கு வளையல் போடத் தெரியுமா? ஒரு கைக்குப் போடுவதற்குள் மூன்றை உடைத்து, வியர்த்துக் கொட்டிவிட்டது. பக்கத்தில் இன்னொரு பெட்டியோடு முத்தம்மா மற்றவர்களுக்கு மளமளவென்று போட்டுக்கொண்டிருந்தாள். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சின்னம்மாவும் வேண்டாம் என்றுவிட்டால்?

மூன்றாவதாக நீண்ட கையில் பச்சை குத்திய தேள். முத்தம்மா அந்தக் கையைப் பிடித்தாள். வளையலை எடுக்கவில்லை. கையை விடவும் இல்லை.

"ஏ புள்ள, என்ன..." என்று குனிந்தவள் போட்ட சத்தத்தில் லயமே திரும்பிப் பார்த்தது. "அய்யோ, எங்க அக்கா மக! நீ அப்பனோட கப்பலேறிட்டன்னுல்ல நெனச்சிருந்தேன்!"

சத்தம் கேட்டுக் கங்காணி வந்தார். விஷயம் தெரிந்ததும் உறுமினார். "பேரு வெட்டுன வீட்டுப் புள்ளைய உள்ள வச்சிருந்தா தொர என்னையத்தான் கேப்பாரு. பெட்டிய மூடுங்க. ரெண்டு பேரும் கெளம்புங்க!"

பெட்டியை மூடப்போனேன். கங்காணி வீட்டம்மா எழுந்து நின்றார். ஒரு கை நிறையப் பச்சை வளையல். மறு கை வெறுங்கை.

"மூடச் சொல்றீங்களே... நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கையில நான் ஒரு கை மூளியா நிக்கவா?"

கங்காணியின் சுருதி இறங்கியது. "சரி சரி, போட்டுட்டுப் போகட்டும்."

"போட்டா அந்தப் புள்ளதான் போடணும். அதுவும் சின்னம்மா வீட்டுல அது பேர எழுதின பெறகுதான். அதுவரைக்கும் இப்பிடியே நிக்கிறேன். எல்லாரும் பாக்கட்டும்."

சொல்லுங்கள்... தோட்டத்தையே நடுங்கவைக்கும் மனிதர் என்ன செய்வார்? மனைவியின் வெறுங்கையைப் பார்த்தார். சுற்றி நின்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கும் பெண்களைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை வீட்டுப் பக்கம் நடந்தார். நடந்தாரா... ஓடினார்!

கணக்கப்பிள்ளை பேர்ப் புத்தகத்தோடு வந்து, சின்னம்மா வீட்டுப் பேர்களுக்குக் கீழே 'முத்தம்மா' என்று எழுதினார். அப்புறம்தான் மறு கை நீண்டது. ஒன்றைக்கூட உடைக்காமல் போட்டுவிட்டாள் முத்தம்மா. நான் வெட்கமில்லாமல் அழுதேன். தோட்டத்தில் துரைக்கு மேல் யாருமில்லை என்பார்கள் — லயத்து முற்றத்துக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்!

திரும்பும்போது கேட்டில் காவல்காரர் மறித்தார். "கூட வந்த புள்ள எங்கம்மா?"

"அவ வீட்டுல இருக்கா" என்றேன். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.