வலையில் தொங்கிய பேட்டரி

போன ஞாயிறு நண்டு வாங்க ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பம் போனேன். நண்டோடு ஒரு பயத்தையும் வாங்கி வந்தேன்!

எனக்கு வாடிக்கையாக நண்டு கொடுப்பவர் தேசம்மா. நான் போனபோது வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வலை மூழ்குவதற்காக அடியில் ஈயக்குண்டு கட்டுவார்கள் இல்லையா... அந்த இடத்தில் விரல் பருமனில் ஏதோ தொங்கியது. பார்த்தால் – ரீசார்ஜ் பேட்டரி!

“என்ன தேசம்மா இது?”

“மாப்ள குடுத்தது யக்கா. ஆபீஸ் ஆபீஸா போயி எமர்ஜென்சி லைட்டு ரிப்பேர் பண்றாரு இல்ல... செத்த பேட்டரிய தூக்கித்தான போடறாங்கன்னு மூட்டையா கொண்டாந்தாரு. நல்ல கனம். வலை ஜம்முனு எறங்குது!”

பாசக்கார மாப்பிள்ளைதான். ஆனால் சில பேட்டரிகளின் முனையில் உப்புப் பூத்து, தகரம் அரித்திருந்தது. மேலே ‘நிக்கல் காட்மியம்’ என்று எழுத்து. காட்மியம் விஷமாயிற்றே! கசிந்தால் சேற்றில் தங்கும், நண்டில் சேரும், தின்பவரின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். எப்போதோ படித்தது, அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

உள்ளேயிருந்து தேசம்மாவின் மகள் சுகன்யா வந்தாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். கையில் ஒரு டம்ளர்... நண்டு ரசம்.

சொன்னால் பிள்ளைத்தாய்ச்சி பயந்துவிடுவாள். சொல்லாவிட்டால்? சொல்லிவிட்டேன்.

தேசம்மா மகளிடமிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். கத்தியை எடுத்து ஒவ்வொரு பேட்டரியாக வலையிலிருந்து அறுத்தெடுக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அந்த வலை ஏரிக்குப் போகவில்லை.

மறுநாள் சுகன்யாவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். “பயப்படாதீங்க, இனி அந்த வலை நண்டு மட்டும் வேண்டாம்” என்றார். எனக்குப் பாதி மூச்சுதான் வந்தது.

சரி, அறுத்துப்போட்ட பேட்டரிகளை என்ன செய்வது?

“ஏரியில போடாதன்ற, குப்பையில போடாதன்ற, கொளுத்தாதன்ற... பின்ன இன்னா, தலையில கட்டிக்கினு சுத்தறதா?”

தேசம்மா கேட்டது நியாயம்தான். பொன்னேரியில் பேட்டரி விற்கும் கடை கடையாக ஏறி இறங்கினேன். எங்கும் ஒரே பதில்: “குப்பையில போட்டுடுங்க மேடம்!” விற்கத் தெரிந்த அளவுக்கு நமக்குத் திரும்ப வாங்கத் தெரிவதில்லை. கடைசியில் சென்னையில், பழைய பேட்டரியைப் பிரித்து உலோகத்தை மறுபடி பயன்படுத்தும் ஒரு கம்பெனி கிடைத்தது. முனைகளில் டேப் ஒட்டி, ஈரம் படாத பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவரச் சொன்னார்கள்.

கையுறை மாட்டிக்கொண்டு நானும் மாப்பிள்ளையும் ஒட்டினோம். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

“நான்தான யக்கா கொண்டாந்து குடுத்தேன்... இனிமே கழட்டறது எல்லாம் நேரா அங்கியே குடுத்துடறேன்.”

டப்பாவை மூடும்போது தேசம்மா மெல்லக் கேட்டார்.

“யக்கா... வலை கிழிஞ்சி நாலஞ்சு பேட்டரி ஏரியிலயே வுழுந்துடுச்சே. அத்த யாரு எடுக்கறது?”

டேப் என் கையில் மிச்சமிருந்தது. ஏரிக்குள் கிடப்பதன் முனையில் எப்படி ஒட்டுவது?