சங்கக் கதவுக்கு வெளியே மகள்

தீப்பொறி அண்ணன் என்றால் சங்கத்தில் தெரியாத ஆள் கிடையாது. தொழில் வெல்டிங், பேச்சிலும் அதே அனல். அரசாங்கப் பயிற்சி நிலையத்தில் படித்தவர்களை ஆலைக்குள் விடக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்ததே அவர்தான். சும்மா ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒரு வேலைநிறுத்தத்தின்போது நிர்வாகம் பயிற்சி என்ற பெயரில் அங்கிருந்த பிள்ளைகளை இறக்கித்தானே இவர்கள் வயிற்றில் அடித்தது! அன்றிலிருந்து, சங்கத்து ஆள் ஒருவரிடம் கையாளாக நின்று தொழில் பழகியவர்களுக்குத்தான் வேலை.

இப்போது மனுஷனுக்குப் பார்வை மங்கிவிட்டது; ஆலை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அடுப்பு எரிய வேண்டுமானால் மகள்தான் வேலைக்குப் போக வேண்டும். அவளைக் கையாளாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி யார் யார் வாசலிலோ போய் நின்றார். "பொம்பளப் புள்ளைய எப்படிண்ணே?" என்று ஆளாளுக்கு நழுவினார்கள். அவள்தான் என்ன செய்வாள், பாவம்! பயிற்சி நிலையத்தில் போய்ச் சேர்ந்தாள். நன்றாகவே கற்றுக்கொண்டாள்.

ஆலையில் ஓர் இடம் காலி என்றதும் அவளைக் கூட்டிக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனார். உறுப்பினர் இல்லை என்பதால் அவள் கதவுக்கு வெளியே நின்றாள்.

"இந்த ஒரு தடவ விட்டுக் குடுங்கப்பா. எங்களுக்கு வேற போக்கிடம் இல்ல." அண்ணன் கெஞ்சினார்.

தலைவர் நெளிந்தார். "உங்க பொண்ணுன்னு விட்டா, நாளைக்கு நிர்வாகம் அதே வழியா ஆளுங்களக் கொண்டாந்து நம்மளத் தள்ளிவிடாதா? நீங்க சொல்லிக் குடுத்ததுதானேண்ணே?"

அண்ணனுக்கே தெரியும். ஐயோ, ஒவ்வொரு வார்த்தையும் சரிதானே!

"அப்ப அவ எங்கதான்பா கத்துக்குவா? நீங்க யாருமே சேத்துக்கலையே!"

சங்கடம் தாங்காமல் பின்வரிசையில் எவனோ குரல் கொடுத்தான்: "தொழிலாளர் ஒற்றுமை!"

"ஓங்குக!" என்று கூட்டம் கை உயர்த்தியது. அந்தச் சங்கத்தில் தலை எண்ணும் வழக்கமெல்லாம் இல்லை. எல்லாக் கையும் உயர்ந்தால் பேச்சு முடிந்தது, பழைய தீர்மானம் நின்றது என்று பொருள். எத்தனை வருஷப் பழக்கம்! அண்ணனின் வாயும் "ஓங்குக!" என்று கத்திவிட்டது.

"ஒருமனதா முடிஞ்சுதுப்பா," என்று தலைவர் எழுந்தார். நாற்காலிகள் நகர்ந்தன.

அண்ணன் கதவுப் பக்கம் திரும்பினார். மகளின் முகம் அவருக்குத் தெரியவில்லை, குரல்தான் கேட்டது.

"கைய எறக்குங்கப்பா. எல்லாரும் எறக்கிட்டாங்க."